"இப்போது இதைத் தாங்குவது எது?" – கல்லூரியில் நட்சத்திரப் பாடத்தைப் படிக்கும் விதம்

பெங்களூரில் பி.எஸ்ஸி. படிக்கும் எங்கள் கீழ் வீட்டுப் பெண் இந்த வருஷம் வானியலை ஓபன் எலெக்டிவாக எடுத்திருக்கிறாள். முதல் இன்டர்னல்ஸ் பேப்பர் கைக்கு வந்த அன்று மாடிப்படியில் என்னை மடக்கி, "அண்ணா, நெபுலா, ப்ரோட்டோஸ்டார், மெயின் சீக்வென்ஸ், ரெட் ஜயன்ட், ஒயிட் டுவார்ஃப்னு ஒண்ணு விடாம எழுதினேன், இருபதுக்கு ஏழு போட்டிருக்காங்க" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஏனென்றால் பல வருஷங்களுக்கு முன்னால் இதே ஊரில் இதே பாடத்தில் நான் வாங்கியது ஆறு. அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அவள் செய்த தப்பும் நான் செய்த தப்பும் ஒன்றுதான். நட்சத்திரத்தின் வாழ்க்கையை முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சங்கிலியாக உருப்போட்டோம். கேள்வித்தாளில் சங்கிலியைக் கேட்பது குறைவு. ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு ஏன் போகிறது என்றுதான் கேட்பார்கள். அதற்கு ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இப்போது இதைத் தாங்குவது எது? ஈர்ப்பு விசை நட்சத்திரத்தை உள்நோக்கி அமுக்கிக்கொண்டே இருக்கிறது, அதற்கு ஞாயிறு லீவு கூடக் கிடையாது. எதிரே ஏதோ ஒன்று நின்று தாங்க வேண்டும். அந்த ஏதோ ஒன்று மாறும்போதுதான் நட்சத்திரத்தின் பெயரும் மாறுகிறது. நோட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதிப் பாருங்கள், எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ அங்கிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.

வரைபடத்தை முதல் நாளே வரைந்துவிடுங்கள்

தூரம், பிரகாசம், நிறமாலை எல்லாம் முடித்துவிட்டு ஹெச்ஆர் (ஹெர்ட்ஸ்ப்ரங்-ரஸ்ஸல்) வரைபடத்துக்கு வரலாம் என்று வகுப்பில் சொல்வார்கள். நான் சொல்வது, அதுவரை காத்திருக்காதீர்கள். ஸ்டேஷனரி கடையில் ஒரு கிராஃப் ஷீட் வாங்கி, கையால் வரையுங்கள், பிரின்ட் அவுட் வேண்டாம். படுக்கை அச்சில் மேற்பரப்பு வெப்பநிலை. நிற்கும் அச்சில் ஒளிர்வு, அதாவது நட்சத்திரம் ஒரு வினாடிக்கு வெளியே விடுகிற மொத்த ஆற்றல், சூரியனுக்கு 1 என்று வைத்து. இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. வெப்பநிலை இடப்பக்கம் அதிகம், வலப்பக்கம் குறைவு, நாம் பழகிய கிராஃபுக்கு நேர் தலைகீழ். நான் ஆறு வாங்கியதற்குப் பாதிக் காரணம் இதுதான், படம் முழுக்க சரியாகப் போட்டு இடம் வலம் மாற்றிவிட்டேன், கண்ணாடியில் தெரிகிற மாதிரி. இரண்டாவது, ஒளிர்வு அச்சு 1, 2, 3 என்று ஏறாது, 1, 10, 100, 1000 என்று பத்துப் பத்து மடங்காக ஏறும்.

இனி புள்ளிகள். சூரியன் 5,800 கெல்வின், ஒளிர்வு 1. சிரியஸ் 9,900 கெல்வின், 25. சுவாதி 4,300 கெல்வின், 170. திருவாதிரை 3,500 கெல்வின், ஒளிர்வு லட்சத்தை ஒட்டி. ஓரியனின் இன்னொரு முனையில் இருக்கும் ரைஜல் 12,000 கெல்வின், அதுவும் லட்சத்தைத் தொடும். நமக்கு மிக அருகில் 4.24 ஒளியாண்டில் இருக்கும் பிராக்சிமா சென்டாரி 3,000 கெல்வின், சூரியனில் ஆயிரத்தில் இரண்டு பங்கு கூட இல்லை. சிரியஸுக்கு ஒரு துணை உண்டு, சிரியஸ் பி, 25,000 கெல்வின் கொதிக்கிறது, ஆனால் ஒளிர்வு சூரியனில் இருபதில் ஒரு பங்குதான். இந்த ஏழு புள்ளியை வைத்தாலே சூரியன், சிரியஸ், பிராக்சிமா மூன்றும் குறுக்கே சரிந்து போகிற ஒரு பட்டையில் விழுவதும், திருவாதிரையும் சுவாதியும் மேலே வலப்பக்கம் ஒதுங்குவதும், சிரியஸ் பி கீழே இடப்பக்கம் தனியாகக் கிடப்பதும் தெரிந்துவிடும். அந்தப் பட்டைதான் முதன்மை வரிசை, வகுப்பில் சொல்கிற மெயின் சீக்வென்ஸ்.

இந்த வரைபடத்தை ஒரு கல்யாண வீட்டு குரூப் போட்டோ என்று நினைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை முதல் பல் போன தாத்தா வரை எல்லாரும் ஒரே நொடியில் மாட்டியிருப்பார்கள், அந்த நொடியில் ஒருவருக்கும் வயது ஏறவில்லை. ஆனாலும் கைக்குழந்தை ரெண்டு, பெரியவர்கள் நூறு என்று எண்ணிப் பார்த்தால் கைக்குழந்தைப் பருவம் குறுகியது, பெரியவர் பருவம் நீளம் என்று கண்டுபிடித்துவிடலாம். நட்சத்திரங்களில் பத்துக்கு ஒன்பது முதன்மை வரிசையில் இருப்பதற்குக் காரணமும் அதுவே, வாழ்நாளில் பத்தில் ஒன்பது பங்கை அங்கேதான் கழிக்கின்றன.

இங்கே எல்லாரும் விழுகிற ஒரு குழி உண்டு. முதன்மை வரிசை சரிவாக இருப்பதைப் பார்த்ததும், நட்சத்திரம் மேலே பிறந்து வயதாக ஆக அந்தச் சரிவில் வழுக்கி இறங்குகிறது என்று தோன்றும். இல்லை. அது சறுக்குமரம் அல்ல, வரிசையாகப் போட்ட நாற்காலிகள். நட்சத்திரம் தன் நிறைக்கு உரிய நாற்காலியில் உட்கார்ந்து, ஹைட்ரஜன் தீரும் வரை ஏறக்குறைய அங்கேயே இருக்கிறது. சிரியஸ் இன்னும் கொஞ்ச காலத்தில் சூரியனாகவோ, சூரியன் பிராக்சிமாவாகவோ மாறப்போவதில்லை.

கணக்கு நாலுதான், அதில் இரண்டு முக்கியம்

பேரலாக்ஸ் சுலபம், பூமி சூரியனைச் சுற்றுவதால் பக்கத்து நட்சத்திரம் கொஞ்சம் நகர்ந்தது போலத் தெரிகிற கோணம் அது: ஒன்றை ஆர்க் செகண்டில் (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) உள்ள அந்தக் கோணத்தால் வகுத்தால் தூரம் பார்செக்கில் வந்துவிடும், ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு. வீன் விதியும் அப்படியே, சூடு கூடினால் நிறம் நீலத்தின் பக்கம் நகரும். இவை இரண்டுக்கும் ஒரு சாயங்காலம் போதும்.

பிரகாசத்தைச் சொல்கிற எண்ணான மேக்னிட்யூட் மட்டும் ஆளைக் குழப்பும், எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும் என்பதால். அதை ரேங்க் என்று நினைத்தால் குழப்பம் தீர்ந்தது: முதல் ரேங்க் இரண்டாம் ரேங்கை விட மேல் என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லையே. ஐந்து மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு, அதாவது ஒன்றுக்கு 2.512 மடங்கு. இந்த அளவுகோலை 1856இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன், அவரே 1861இல் சென்னை வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்று வந்து 1891இல் சாகும் வரை நுங்கம்பாக்கத்தில் தங்கிவிட்டார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறுவிண்மீனைக் கண்டுபிடித்தார். இது பரீட்சைக்கு வராது, எனக்குப் பிடிக்கும் என்பதால் சொன்னேன்.

சிரியஸை வைத்து ஒரு கணக்கு போடுங்கள். தோற்ற மேக்னிட்யூட் மைனஸ் 1.46, தூரம் 2.64 பார்செக். தூரத்தின் லாக் 0.42, அதை ஐந்தால் பெருக்கினால் 2.1. மைனஸ் 1.46இலிருந்து 2.1ஐக் கழித்து 5ஐக் கூட்டுங்கள், 1.4 வரும். எல்லாரையும் 10 பார்செக் தூரத்தில் நிறுத்திப் பார்த்தால் சிரியஸ் வாங்குகிற ரேங்க் அது. சூரியனை அதே தூரத்தில் நிறுத்தினால் 4.8. வித்தியாசம் 3.4, அப்படியானால் சிரியஸ் சூரியனை விட ஏறக்குறைய 23 மடங்கு. நாம் கிராஃபில் 25 என்று வைத்தோம், அதில் கண்ணுக்குத் தெரியாத ஒளியும் சேர்த்தி, அதனால் இந்தச் சின்ன வித்தியாசம்.

இரண்டாவது முக்கியமான கணக்கு ஒளிர்வையும் ஆரத்தையும் இணைப்பது: ஒளிர்வு என்பது ஆரத்தின் வர்க்கத்தையும் வெப்பநிலையின் நான்காம் படியையும் பெருக்கியது, எல்லாம் சூரியனின் மடங்கில். சுவாதியை எடுங்கள். 4,300ஐ 5,800ஆல் வகுத்தால் 0.74, அதன் நான்காம் படி 0.30. ஒளிர்வு 170ஐ 0.30ஆல் வகுத்தால் 567, அதன் வர்க்கமூலம் 24. அதாவது சூரியனைப் போல் 24 மடங்கு அகலம். வானியலாளர்கள் நேரடியாக அளந்து சொல்வது 25 மடங்கு. கிராஃப் ஷீட்டும் கால்குலேட்டரும் மட்டும் வைத்துக்கொண்டு 37 ஒளியாண்டு தள்ளி இருக்கிற ஒன்றின் சுற்றளவை இவ்வளவு நெருங்க முடிகிறது என்பதை நான் முதல் தடவை போட்டபோது நம்பாமல் மறுபடி போட்டுப் பார்த்தேன்.

தமிழில் யோசிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "பெரிய நட்சத்திரம்" என்று நாம் சும்மா சொல்லிவிடுகிறோம், நிறை கூடியதா, உருவம் பெரியதா என்று பிரிப்பதில்லை. சுவாதி சூரியனை விட உருவத்தில் 25 மடங்கு, நிறையிலோ ஏறக்குறைய சூரியனேதான், ஒரு பத்து சதவீதம் கூட இருக்கலாம். "பிரகாசம்" என்ற சொல்லிலும் அதே வம்பு, நம் கண்ணுக்குத் தெரிவதா, அது உண்மையில் வெளியே விடுவதா? விடை எழுதும்போது நிறை, ஆரம், ஒளிர்வு, தோற்றப் பிரகாசம் என்று நான்கையும் தனித்தனிச் சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம்

நட்சத்திர ஒளியை நிறங்களாகப் பிரித்தால் நடுவே கருங்கோடுகள் தெரியும், அவற்றை வைத்துப் பிரித்தவைதான் இந்த ஏழு நிறமாலை வகைகள். இவற்றுக்கு ஆங்கிலத்தில் ஒரு பழைய வாக்கியம் சொல்லித் தருவார்கள், எனக்கு அது பிடித்ததில்லை. நாங்கள் கேன்டீனில் உட்கார்ந்து உருவாக்கியது இது: ஓட்டல் பக்கம் ஆள் ஃப்ரீயா, ஜிலேபி காபி மசால்தோசை. அசட்டுத்தனமாக இருக்கிறது, ஆனால் மறக்காது. இடப்பக்கம் ஓட்டல் சூடு, வலப்பக்கம் மசால்தோசை ஆறிப்போய்விட்டது.

எழுத்துகள் ஏன் கன்னாபின்னாவென்று இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. ஹார்வர்டில் முதலில் ஹைட்ரஜன் கோடுகள் எவ்வளவு அழுத்தமாக இருக்கின்றன என்று பார்த்து ஏ, பி என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஆனி ஜம்ப் கேனன் வெப்பநிலை வரிசைக்குத் தகுந்தபடி மாற்றி அடுக்கினார், வேண்டாத எழுத்துகள் கழிந்தன. ஏ வகையில் மட்டும் ஹைட்ரஜன் கோடு உச்சத்தில் இருப்பது ஏன்? அங்கே ஹைட்ரஜன் அதிகம் என்று எழுதினால் மார்க் போச்சு. கண்ணுக்குத் தெரிகிற ஹைட்ரஜன் கோடு விழ, எலக்ட்ரான் இரண்டாவது ஆற்றல் படியில் நிற்க வேண்டும். எம் வகையில் சூடு போதாது, எலக்ட்ரான் முதல் படியிலேயே தூங்குகிறது. ஓ வகையில் சூடு தாங்காமல் எலக்ட்ரான் அணுவை விட்டே ஓடிவிடுகிறது. நடுவில் 10,000 கெல்வினை ஒட்டித்தான் இரண்டாவது படியில் கூட்டம். இதைக் கணக்காக எழுதியது கல்கத்தாவிலிருந்து மேக்நாத் சாஹா, 1920. அதை வைத்துக்கொண்டு நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்று 1925இல் தன் ஆய்வேட்டில் கணக்கிட்டவர் சிசிலியா பெய்ன், ஹைட்ரஜன் அவ்வளவு இருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னதால் தன் முடிவைத் தானே சந்தேகித்து எழுத வேண்டியிருந்தது. சில வருஷத்தில் அவர் சொன்னதே சரி என்றானது.

இனி, தாங்குவது எது

பிறக்கும் கட்டத்தை வேகமாகக் கடந்துவிடலாம். குளிர்ந்த மேகம் தன் ஈர்ப்பிலேயே சுருங்குகிறது, சுருங்கச் சுருங்கச் சூடாகிறது. மையம் போதுமான அளவு சூடானதும் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாக மாறத் தொடங்குகிறது. சூரியனின் மையத்தில் இன்று 1.5 கோடி கெல்வின். "எரிகிறது" என்று நாமும் சொல்வோம், புத்தகமும் சொல்லும், ஆனால் இது ஆக்சிஜன் சேர்ந்து எரிகிற அடுப்பு அல்ல, அணுக்கருக்கள் இணைகின்றன. நான்கு ஹைட்ரஜன் சேர்ந்து ஒரு ஹீலியம் ஆகும்போது நிறையில் 0.7 சதவீதம் காணாமல் போய் ஆற்றலாகிறது. வினாடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் மாறுகிறது, அதில் 40 லட்சம் டன் ஒளியாகப் போய்விடுகிறது.

இப்போது தாங்குவது சூடான வாயுவின் அழுத்தம். இதில் ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது, வீட்டு ஸ்டெபிலைசர் மாதிரி. இணைவு கொஞ்சம் வேகமெடுத்தால் மையம் விரியும், விரிந்தால் சூடு குறையும், இணைவும் தணியும். மந்தமானால் மையம் சுருங்கும், சூடாகும், வேகம் பிடிக்கும். இந்த ஸ்டெபிலைசரை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள், பின்னால் அது பழுதாகப் போகிற இடம்தான் சுவாரசியம்.

ஆயுள் கணக்கு இங்கேதான் வரும். நிறை பத்து மடங்கு என்றால் ஒளிர்வு ஏறக்குறைய மூவாயிரம் மடங்கு. பத்து மடங்கு சம்பளம், மூவாயிரம் மடங்கு செலவு, பெங்களூரில் வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சூரியனுக்கு 1,000 கோடி வருஷ ஆயுள் என்றால் இதற்கு 3 கோடி. சூரியனில் பாதி நிறை உள்ளதற்கோ 5,000 கோடிக்கும் மேல், பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான், ஆகவே அப்படிப்பட்ட ஒன்று கூட இதுவரை ஆயுள் முடிந்து சாகவில்லை.

மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்தால் என்ன ஆகும்? கீழ் வீட்டுப் பெண் கேட்டது இதைத்தான்: "அண்ணா, உள்ளே சுருங்குதுன்னா வெளியே ஏன் பெருசாகுது?" நல்ல கேள்வி. உள்ளே மிஞ்சியது ஹீலியச் சாம்பல், அதை இணைக்கும் அளவுக்கு இன்னும் சூடு இல்லை, தாங்க ஆளில்லாததால் மையம் சுருங்குகிறது. சுருங்குவதால் சூடாகி, அதைச் சுற்றி இருக்கும் ஓட்டில் உள்ள ஹைட்ரஜன் முன்பை விட வெறித்தனமாக இணைகிறது. அந்த ஆற்றல் வெளியே வரும்போது மேலுறை விரிகிறது, விரிந்த மேற்பரப்பு ஆறிச் சிவக்கிறது. ஒவ்வொரு சதுர மீட்டரும் முன்பை விட மங்கல்தான், ஆனால் சதுர மீட்டர்கள் ஏராளம், அதனால் மொத்த ஒளி அதிகம். இதுதான் ரெட் ஜயன்ட், சுவாதி இந்த நிலையில்தான் இருக்கிறது, சூரியனின் எதிர்காலத்தை மாடியிலிருந்து பார்ப்பது போல. மேலுறை ஏன் விரிந்தே ஆக வேண்டும் என்பதற்கு ஒரு வரி விளக்கம் தேடி அலையாதீர்கள், கம்ப்யூட்டர் கணக்குகள் தெளிவாகக் காட்டுகிற இதற்கு ஒற்றைக் காரணம் சொல்வதில் ஆராய்ச்சியாளர்களே இன்னும் வாதாடுகிறார்கள். முதல் வருஷத்துக்கு மேலே சொன்னது போதும்.

மையம் சுருங்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வேறொன்று தாங்க வருகிறது: எலக்ட்ரான்களின் டிஜெனரசி அழுத்தம். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். மெஜஸ்டிக்கில் சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீட்டில் இரண்டே பேர், அதுவும் ஒருவர் முன்னே பார்த்தும் ஒருவர் பின்னே பார்த்தும்தான் உட்கார வேண்டும் என்பது பவுலி விதி. சீட்டுகள் கீழிருந்து நிரம்பி வருகின்றன. எல்லாம் நிறைந்த பிறகு ஏறுகிறவர் மேல் அடுக்குக்குத்தான் போயாக வேண்டும், மேல் அடுக்கு என்றால் அதிக வேகம். அந்த வேகம்தான் அழுத்தம். பஸ்ஸில் ஏசி ஓடுகிறதா இல்லையா என்பதற்கும் நெரிசலுக்கும் சம்பந்தமில்லை, அதே போல இந்த அழுத்தமும் வெப்பநிலையைச் சார்ந்ததல்ல. ஸ்டெபிலைசர் பழுதாகிறது என்றேனே, அது இதுதான். சூரியன் மாதிரி நட்சத்திரத்தில் மையம் 10 கோடி கெல்வினைத் தொட்டு ஹீலியம் இணையத் தொடங்கும்போது, சூடு ஏறினாலும் மையம் விரியாது, விரியாததால் ஆறாது, இணைவு கட்டுமீறி ஓடும். ஹீலியம் ஃபிளாஷ் என்பது அந்தச் சில நிமிஷங்கள். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லாம் உள்ளேயே அடங்கிவிடும்.

பிறகு ஹீலியம் கார்பனாகவும் ஆக்சிஜனாகவும் மாறி, அதுவும் தீர்ந்து, மேலுறை கழன்று பிளானட்டரி நெபுலா ஆகிறது. கோள்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பழைய தொலைநோக்கியில் வட்டமாகத் தெரிந்ததால் வந்த பெயர். மிஞ்சுவது வெண்குள்ளன், அதாவது ஒயிட் டுவார்ஃப், பூமி அளவு உருவம், அதில் சூரியனின் பாதி நிறை. தாங்குவது அதே மெஜஸ்டிக் பஸ். இங்கே ஒரு விசித்திரம்: நிறை கூடக் கூட வெண்குள்ளன் சிறுத்துக்கொண்டே போகும். எவ்வளவு வரை? 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியை முடித்துவிட்டுக் கப்பலில் இங்கிலாந்துக்குப் போன 19 வயது சந்திரசேகர், எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கினால் இந்த அழுத்தம் தாக்குப்பிடிக்காது என்று கண்டார். எல்லை சூரியனைப் போல் 1.4 மடங்கு. 1935இல் அன்றைய பெரிய வானியலாளர் எடிங்டன் சபையிலேயே இதைக் கேலி செய்தார், நோபல் வந்தது 1983இல். அவருடைய சித்தப்பா சி.வி. ராமனின் ஆய்வு நிறுவனம் நம் சதாசிவநகரில்தான் இருக்கிறது, மேக்ரி சர்க்கிள் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த 1.4 ஞாபகம் வரும்.

கனமானவை வேறு வழி

சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேல் நிறை இருந்தால் கதை கார்பனோடு நிற்காது. நியான், ஆக்சிஜன், சிலிக்கான் என்று வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக ஓடுகள். ஒவ்வொரு எரிபொருளும் முந்தையதை விட வேகமாகத் தீரும், ஹைட்ரஜனுக்குப் பல லட்சத்திலிருந்து சில கோடி வருஷங்கள், கடைசியில் சிலிக்கானுக்கு ஏறக்குறைய ஒரு நாள். முடிவில் இரும்பு. இரும்பை இணைத்தால் ஆற்றல் வராது, செலவாகும். விடையில் "இரும்பு கனமானது அதனால் நின்றுவிடுகிறது" என்று எழுதாதீர்கள், அணுக்கருப் பிணைப்பு ஆற்றல் இரும்பின் பக்கத்தில் உச்சம் என்று எழுத வேண்டும். இப்போது தாங்குவது எது? எலக்ட்ரான் அழுத்தம். இரும்பு மையம் சந்திரசேகர் எல்லையை நெருங்கியதும் அதுவும் கைவிட்டுவிடுகிறது, மையம் ஒரு வினாடிக்குள் நொறுங்கி விழுகிறது. அடுத்துத் தாங்க வருவது நியூட்ரான்கள். எலகங்காவிலிருந்து ஜெயநகர் வரை குறுக்களவுள்ள ஒரு பந்து, அதில் சூரியனை விடக் கூடுதல் நிறை, அதுதான் நியூட்ரான் நட்சத்திரம். நிறை அதற்கும் மிஞ்சினால் தாங்க யாரும் இல்லை, கருந்துளை.

மையம் நொறுங்கும்போது மேலுறை வெடித்துச் சிதறுவதுதான் சூப்பர்நோவா. அந்த வெடிப்பின் ஆற்றலில் 99 சதவீதத்தை, எதையும் துளைத்துக்கொண்டு போகிற நுண்துகள்களான நியூட்ரினோக்கள் தூக்கிக்கொண்டு போகின்றன. 1987 பிப்ரவரியில் பக்கத்து கேலக்ஸியில் ஒரு சூப்பர்நோவா தெரிந்தபோது, ஒளி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே பூமியில் மூன்று இடங்களில் சேர்த்து இரண்டு டஜன் நியூட்ரினோக்கள் பிடிபட்டன. நியூட்ரினோ என்றால் நம் தங்கவயலையும் சொல்ல வேண்டும். பாதாளச் சுரங்கத்துக்குள் 1965இல் வளிமண்டல நியூட்ரினோவை முதலில் பார்த்த இடங்களில் ஒன்று கோலார், அங்கே சுரங்கத்தில் இறங்கிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பெங்களூர் முழுக்க இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்தி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: சூரியன் வெடிக்காது. ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் பத்து பேராவது வெடிக்க வைக்கிறார்கள்.

படித்ததைச் சோதிக்க ஒரு புதிர்

சிரியஸ் ஏ சூரியனைப் போல் இரண்டு மடங்கு நிறை, இன்னும் முதன்மை வரிசையில் இருக்கிறது. சிரியஸ் பி ஏறக்குறைய ஒரு மடங்கு, ஏற்கெனவே வெண்குள்ளன். இரண்டும் ஒன்றாகப் பிறந்த இரட்டையர். நிறை கூடியதுதானே முதலில் சாக வேண்டும்? நான் விடை சொல்லப் போவதில்லை, மேலே சொன்னவற்றிலேயே இருக்கிறது. ஒரு துப்பு, பி இப்போது இருக்கிற நிறை அது பிறந்தபோது இருந்த நிறை அல்ல. அம்மாவிடமோ ரூம்மேட்டிடமோ இதை இரண்டு நிமிஷத்தில் சொல்லிப் பாருங்கள், அவர்கள் "சரி, புரியுது" என்றால் உங்களுக்குப் புரிந்திருக்கிறது.

கார்த்திகைக் கூட்டமும் நல்ல பயிற்சி. அதில் உள்ளவை எல்லாம் ஒரே பேட்ச், சுமார் 10 கோடி வருஷம் முன்னால் சேர்ந்து பிறந்தவை. அதன் ஹெச்ஆர் வரைபடத்தில் மேல் இடது முனையில் ஓ வகை நாற்காலிகள் காலி, அவை ஏற்கெனவே செத்துவிட்டன. எம்67 என்ற கூட்டத்தில் இன்னும் கீழே வரை காலி, வயது 400 கோடி. எந்த நாற்காலி வரை காலியாகியிருக்கிறது என்று பார்த்தே கூட்டத்தின் வயதைச் சொல்லிவிடலாம், பரீட்சைக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

கிராஃபோடு மாடிக்குப் போங்கள்

பெங்களூர் வெளிச்சத்திலும் பிரகாசமானவை தெரியும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை சாயங்காலம் திருவாதிரை, ரைஜல், ரோகிணி, சிரியஸ், தெற்கே தாழ அகத்தியர் நட்சத்திரம் எல்லாம் கிடைக்கும். திருவாதிரையின் சிவப்பையும் ரைஜலின் நீல வெள்ளையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கையில் இருக்கிற கிராஃபைப் பாருங்கள், ஒரே உயரத்தில் இரண்டு ஓரங்களில் ஏன் உட்கார்ந்திருக்கின்றன என்று தானாகப் புரியும். திருவாதிரைக்கு வயது ஒரு கோடி வருஷம் கூட இல்லை, டைனோசர் காலத்தில் அது பிறக்கவே இல்லை, ஆனாலும் அதுதான் கிழவன். ஏப்ரல், மே மாதங்களில் சுவாதியும் சித்திரையும் பக்கத்துப் பக்கத்தில் வரும், ஒன்று ஆரஞ்சு, ஒன்று நீலம். ஜூன் வந்துவிட்டால் மேகம், கணக்கை உட்கார்ந்து போடுங்கள். வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் ஆப் இலவசம், போனில் போட்டுக்கொள்ளலாம். ஹை கிரவுண்ட்ஸில் இருக்கும் நேரு கோளரங்கமும் ஒரு தடவை போக வேண்டிய இடம்.

முடிந்தால் நாலைந்து பேர் சேர்ந்து காவலூர் போய்விட்டு வாருங்கள். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏற வேண்டும், கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் அது, 1986இல் நிறுவிய 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு இந்திய வானியலாளர் வைணு பாப்புவின் பெயர். பார்வையாளர்களை எந்த நாளில் விடுகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொண்டு, அமாவாசையை ஒட்டிப் போங்கள். ஸ்வெட்டர் கண்டிப்பாக. டார்ச்சில் சிவப்பு செலஃபேன் காகிதத்தை ஒட்டிக்கொள்ளுங்கள், போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது ஆகும், நடுவில் ஒருவன் வாட்ஸ்அப்பைத் திறந்தால் எல்லாருக்கும் மறுபடி முதலிலிருந்து.